முகநிரப்பி ஊசிகள்: பொருள், செயற்பாடு, மீட்கத்தக்க தன்மை

ஆய்வுச் சுருக்கம்

முகத்தில் வயதாலோ நோயாலோ தோன்றும் பள்ளங்களையும் மடிப்புகளையும் சீர்செய்ய ஊசிவழி செலுத்தப்படும் பொருள்கள் ‘ஃபில்லர்’ எனப் பொதுவழக்கில் அறியப்படுகின்றன. 1893 முதல் இப்பணிக்குப் பயன்பட்ட பொருள்களின் இயல்பையும், அவை முகத்தில் செயல்படும் முறையையும், தமனி அடைப்பு உள்ளிட்ட இடர்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. செலுத்திய பொருளைத் திரும்பக் கரைத்தெடுக்க முடியுமா என்னும் வினாவே நிரப்பிகளை வகைப்படுத்த உரிய அளவுகோல் என்பது கட்டுரையின் கருத்து. இவ்வேறுபாட்டை நோயாளிக்கு எடுத்துரைப்பதற்கான தமிழ்ச் சொற்களும் இறுதியில் நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முகநிரப்பி, ஹயலூரோனிக் அமிலம், ஹயலூரோனிடேஸ், தமனி அடைப்பு, மீட்கத்தக்க தன்மை, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

அழகியல் மருத்துவம் குறித்த பேச்சில் ‘போடாக்ஸ்’, ‘ஃபில்லர்’ என்னும் இரு சொற்களும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வழங்குவதைப் பரவலாகக் காணலாம். இரண்டும் ஊசி, இரண்டும் முகத்தில் போடப்படுவன, இரண்டுக்கும் அறுவை தேவையில்லை. ஒற்றுமை அவ்வளவே. போடாக்ஸ் என்பது போட்டுலினம் நச்சின் வணிகப் பெயர்களுள் ஒன்று. நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுத்து, அது தசையைச் சில மாதங்களுக்கு ஓயச்செய்கிறது. புருவத்தை நெரிக்கும் தசை ஓய்ந்தால், அதன் இழுப்பால் விழுந்த கோடும் மங்குகிறது. 2002இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் புருவநடுக் கோடுகளைக் குறைப்பதற்காக இதற்கு ஒப்புதல் அளித்தது. நிரப்பி தசையின் இயக்கத்தில் தலையிடுவதில்லை. தோலின் உள்ளோ, கொழுப்பிலோ, எலும்பை ஒட்டியோ இடத்தை அடைத்து நிற்கும் பொருள் அது. இதனால்தான் அமெரிக்காவில் நச்சூசி மருந்தாகவும், நிரப்பி மருத்துவக் கருவியாகவும் ஒப்புதல் பெறுகின்றன.

இவ்வேறுபாடு பெயரளவினது அன்று. நச்சூசி தவறான தசையில் இறங்கினால் இமை தொங்கக்கூடும். சில வாரங்களிலோ மாதங்களிலோ அக்குறை தானே நீங்கும். நிரப்பி தவறான இடத்தில் இறங்கினால் சில நிமிடங்களில் திசு இறக்கத் தொடங்கலாம். சில பொருள்களாயின் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிடலாம். ஆகவே ‘என்ன பொருள் செலுத்தப்படுகிறது’ என்று கேளாமல் ‘முகத்துக்கு ஊசி போட்டுக்கொண்டேன்’ என்று சொல்லும் கூற்றில் மருத்துவச் செய்தி எதுவும் இல்லை எனலாம்.

முகம் வற்றும் முறை

முதுமையில் தோல் தளர்ந்து தொங்குகிறது என்பதே நெடுங்காலம் நிலவிய விளக்கம். அதற்கேற்பத் தோலை இழுத்துத் தைக்கும் அறுவையே தீர்வாகக் கருதப்பட்டது. கடந்த சில பத்தாண்டுகளில் நோக்கு மாறியது. தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பும் எலும்பும் குறைவதால் மேற்பரப்பு தாங்கலின்றி இறங்குகிறது என்னும் விளக்கம் வலுப்பெற்றது. ரோரிச், பெஸ்ஸா என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சடலங்களின் முகத்தில் சாயம் செலுத்தி ஆராய்ந்து, முகக்கொழுப்பு ஒரே படலமாக இல்லை, தடுப்புகளால் பிரிக்கப்பட்ட பல அறைகளாக அமைந்துள்ளது என 2007இல் வெளியிட்டனர். ஒவ்வோர் அறையும் தனித்தனி வேகத்தில் வற்றுவதால்தான் முதிய முகத்தில் மேடும் பள்ளமும் அடுத்தடுத்துத் தோன்றுகின்றன. கண்குழியின் எலும்பு விளிம்பு அகல்வதும், மேல்தாடை எலும்பு பின்வாங்குவதும் இதனுடன் சேர்கின்றன.

‘கன்னம் ஒட்டிப்போயிற்று’, ‘முகம் வற்றிவிட்டது’ என்று சொல்லும் தமிழ்ப் பேச்சு வழக்கு, தளர்ச்சியைவிடக் கன அளவின் இழப்பையே முதலில் காண்கிறது என்பது இவ்விடத்துக் கருதத்தக்கது.

இவ்விளக்கத்தின் நடைமுறைப் பயன் பெரிது. மூக்கோரத்திலிருந்து வாயோரம் நோக்கி இறங்கும் மடிப்பு ஆழமாகத் தெரிந்தால், அம்மடிப்பையே நிரப்புவது எப்போதும் சரியான தீர்வாகாது. மேலே கன்னத்தின் ஆழ்கொழுப்பு வற்றியதன் விளைவாக அது தோன்றியிருக்கலாம். கன்ன எலும்பின் மேல் சிறிதளவு செலுத்தினாலே மடிப்பு எளிதாகிவிடுவதுண்டு. மடிப்பை மட்டும் மீண்டும் மீண்டும் நிரப்பினால் முகத்தின் நடுப்பகுதி கனத்து, நகைக்கும்போது இயல்பற்ற வீக்கமாகத் தெரியும். பொதுமக்கள் ‘ஊசி போட்ட முகம்’ என எளிதில் இனங்காணும் தோற்றம் பெரும்பாலும் இவ்வகை மிகைநிரப்பலின் விளைவே.

கொழுப்பும் மெழுகும்

முகத்தை நிரப்பும் முயற்சியின் முதற்பதிவாக 1893 குறிக்கப்படுகிறது. ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் நொய்பர், நோயாளியின் கையிலிருந்து எடுத்த சிறு கொழுப்புத் துண்டுகளைக்கொண்டு முகத்தின் குழிந்த வடுக்களை நிரப்பினார். பொருள் நோயாளியின் உடலைச் சார்ந்தது, ஒவ்வாமைக்கு இடமில்லை. ஆனால் எடுப்பதற்கும் வைப்பதற்கும் அறுவை வேண்டியிருந்தது.

ஊசிவழிக் காலம் வியன்னாவில் தொடங்குகிறது. காசநோயால் விரைகளை இழந்த இளைஞர் ஒருவருக்கு 1899இல் ராபர்ட் கெர்சுனி பெட்ரோலிய மெழுகைச் செலுத்தினார். தோற்றம் சீரானதைக் கண்டு, தட்டையான மூக்கு முதலியவற்றுக்கும் பாரஃபின் மெழுகு விரைந்து பரவியது. உருக்கினால் நீர்மம், உடல் வெப்பத்தில் திண்மம், விலையோ மலிவு என்பன அதன் கவர்ச்சிகள். அடுத்த சில ஆண்டுகளிலேயே உண்மை வெளிப்பட்டது. மெழுகு இடம்பெயர்ந்தது. சுற்றியுள்ள திசு அதை அயற்பொருளாக உணர்ந்து கடினமான கட்டிகளை உருவாக்கியது. இவை ‘பாரஃபினோமா’ என்னும் தனிப்பெயரே பெற்றன. மூக்கில் பாரஃபின் செலுத்தப்பட்டபின் பார்வை பறிபோன நிகழ்வு 1903இலேயே மருத்துவ இதழில் பதிவாகியுள்ளது. பின்னாளில் மார்ல்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன், இருபதுகளின் தொடக்கத்தில் மூக்குத்தண்டில் ஏற்றிக்கொண்ட மெழுகு கீழிறங்கி அவர் முகத்தைச் சிதைத்த செய்தி, அக்கால ஐரோப்பிய மேட்டுக்குடியினரிடையே நன்கறியப்பட்ட ஒன்று.

மெழுகின் பாடம் உடனே கற்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் நீர்மச் சிலிகோன் அதன் இடத்தைப் பிடித்தது. உடலில் வினைபுரியாத பொருள் என நம்பப்பட்ட அதுவும் இடம்பெயர்ந்தது. ஆண்டுகள் கழித்து முடிச்சுகளாக வெளிப்பட்டது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் நெவாடா மாநிலம் சிலிகோன் ஊசியைச் சட்டத்தால் தடுத்தது. மெழுகுக்கும் சிலிகோனுக்கும் பொதுவான குறை ஒன்றே: உள்ளே போனபின் வெளியே எடுக்க வழியில்லை. கத்தியால் அகற்ற முயன்றாலும் பொருளோடு சேர்ந்து திசுவும் போகும்.

1981இல் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ‘சைடெர்ம்’ என்னும் மாட்டுத்தோல் கொலாஜன் இக்குறையை வேறு வழியில் தவிர்த்தது. உடலே சில மாதங்களில் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆயினும் அது வேற்றுயிரியின் புரதம் ஆகையால், ஏறத்தாழ நூற்றுக்கு மூவருக்கு ஒவ்வாமை தோன்றியது. முன்கையில் சோதனை ஊசி போட்டு நான்கு வாரம் காத்திருந்த பின்னரே முகத்தில் செலுத்த வேண்டியிருந்தது.

நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரை

1934இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் இருவரும் மாட்டு விழியின் கண்ணாடிநீர்மத்திலிருந்து ஒரு புதிய பொருளைப் பிரித்தெடுத்தனர். கண்ணாடி போன்றது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையும், அதிலிருந்த யூரோனிக் அமிலத்தையும் இணைத்து ஹயலூரோனிக் அமிலம் எனப் பெயரிட்டனர். குளுக்குரோனிக் அமிலம், அசிட்டைல் குளுக்கோசமைன் என்னும் இரு சர்க்கரை அலகுகள் மாறிமாறித் தொடர்ந்த நீண்ட சங்கிலி இது. 70 கிலோ எடையுள்ள மனிதரின் உடலில் ஏறத்தாழ 15 கிராம் உள்ளது. அதில் பாதியளவு தோலில் இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு நாள்தோறும் சிதைந்து புதிதாக உருவாகிறது.

இச்சங்கிலியின் அமைப்பு எல்லா உயிரினங்களிலும் ஒன்றே. கொலாஜனைப்போல் இனத்துக்கு இனம் மாறும் புரதம் அன்று என்பதால் முன்சோதனை ஊசி தேவையற்றதாயிற்று. தொடக்கத்தில் சேவற்கொண்டையிலிருந்தும், பின்னர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நுண்ணுயிரிகளை நொதிக்கச்செய்தும் இது தயாரிக்கப்பட்டது. இயற்கை நிலையில் செலுத்தினால் ஓரிரு நாளில் கரைந்து மறைந்துவிடும். எனவே சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு இடப்படுகிறது. பெரும்பாலான தயாரிப்புகளில் இப்பிணைப்பை ஏற்படுத்துவது பி.டி.டி.இ. என்னும் வேதிப்பொருள். பிணைப்பு மிகுந்தால் கூழ் விறைப்பாகிறது. குறைந்தால் இளகிப் பரவுகிறது. உதட்டுக்கு இளகிய கூழும், தாடை எலும்பின் மேல் விறைத்த கூழும் தேர்ந்தெடுக்கப்படுவது இதனால்தான். ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் என்பது பொதுவான செறிவு. மீதி பெரும்பாலும் நீர். ‘ரெஸ்டிலேன்’ என்னும் தயாரிப்பு ஐரோப்பாவில் 1996இலும், அமெரிக்காவில் 2003 டிசம்பரிலும் ஒப்புதல் பெற்றது. இன்று உலகில் மிகுதியாகப் பயன்படும் நிரப்பி வகை இதுவே.

இடத்தை அடைப்பதோடு இதன் பணி முடிவதில்லை. 2007இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் முதியோரின் வெயில்பட்ட முன்கைத் தோலில் இதனைச் செலுத்தி, கூழைச் சுற்றிய செல்கள் இழுவிசைக்கு உட்பட்டுப் புதுக் கொலாஜனை உருவாக்குவதைக் கண்டனர். கூழ் குறைந்தபின்னும் சிறிது பயன் எஞ்சுவதற்கு இது ஒரு விளக்கம்.

கரைக்கும் நொதியம்

ஹயலூரோனிக் அமிலத்தின் மெய்யான சிறப்பு வேறிடத்தில் உள்ளது. அதைக் கரைக்கும் நொதியம் ஒன்று, நிரப்பிகள் தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. விரைத்திசுச் சாற்றைச் சேர்த்துச் செலுத்தினால் நோய்த்தொற்று தோலில் விரைந்து பரவுவதை 1920களின் இறுதியில் டுரான்-ரெய்னால்ஸ் கவனித்து, அதனைப் ‘பரப்புக் காரணி’ என்றார். அக்காரணி ஹயலூரோனிடேஸ் நொதியமே என்பதை 1940இல் செயின், டத்தி இருவரும் நிறுவினர். இந்தச் செயின், பெனிசிலின் ஆய்வுக்காக 1945இல் நோபல் பரிசு பெற்ற எர்ன்ஸ்ட் செயின்தான். கண் அறுவையின்போது மரப்பு மருந்து திசுவில் நன்கு பரவ இந்நொதியம் நெடுங்காலமாகக் கலந்து பயன்படுத்தப்படுகிறது. முகத்தில் மிகையாகவோ தவறாகவோ செலுத்தப்பட்ட ஹயலூரோனிக் அமிலத்தை இதனால் கரைக்க முடியும் என்பது 2004இல் மருத்துவ இதழ்களில் பதிவாகியது.

மெழுகின் காலத்திலிருந்து நோக்கினால் இது மாபெரும் திருப்பம். நிரப்பியின் வரலாற்றில் முதன்முறையாக, செய்ததைத் திரும்பப் பெறும் வழி கிடைத்தது. விளம்பரங்கள் இயற்கைப் பொருள், மென்மை, விரைவு என்பவற்றை முன்னிறுத்துகின்றன, இக்கரைதிறனைப் பின்னிறுத்துகின்றன. முறைப்படி வரிசை தலைகீழாக இருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நொதியத்துக்கும் எச்சரிக்கைகள் உண்டு. தேனீ நஞ்சில் இந்நொதியம் இருப்பதால், தேனீக்கொட்டுக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவரிடம் மிகுந்த விழிப்பு வேண்டும்.

கரைக்கவியலாத நிரப்பிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. கால்சியம் ஹைட்ராக்சிலபடைட் நுண்மணிகள், பாலி-எல்-லாக்டிக் அமிலம், பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் மணிகள் ஆகியன அவை. முதலிரண்டும் கொலாஜன் உருவாக்கத்தைத் தூண்டிவிட்டு மெல்லச் சிதைபவை. மூன்றாவது நிலையாகத் தங்குவது. எவற்றுக்கும் ஹயலூரோனிடேஸ் போன்ற மாற்று நொதியம் இல்லை. ஆயினும் இவற்றைப் பொத்தாம்பொதுவாக ஒதுக்கிவிட முடியாது. பாலி-எல்-லாக்டிக் அமிலம் 2004இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது அழகுக்காக அன்று, எச்.ஐ.வி. தொற்றுடையோரின் முகக்கொழுப்பு இழப்பைச் சரிசெய்வதற்காக. அழகியல் பயன்பாட்டுக்கான ஒப்புதல் 2009இல்தான் வந்தது. ஸ்டாவுடின் போன்ற பழைய மருந்துகள் உயிரைக் காத்தன. கூடவே கன்னக் கொழுப்பைக் கரைத்து, பார்ப்பவர் நோயை ஊகித்துவிடும்படி முகத்தை மாற்றின. இந்தியாவில் 2004இல் தொடங்கிய அரசின் இலவசக் கூட்டுமருந்துத் திட்டத்திலும் தொடக்கத்தில் ஸ்டாவுடின் இடம்பெற்றிருந்தது. நோயை மறைத்து வாழவேண்டிய சமூகத்தில், ஒட்டிய கன்னம் ஒரு காட்டிக்கொடுப்பு. நிரப்பி என்றாலே வீண் பகட்டு என்று எழுதுவோர் இந்நோயாளிகளை நினைவிற்கொள்வது நன்று.

தமனியும் 0.085 மில்லிலிட்டரும்

நிரப்பியின் பொதுவான பின்விளைவுகள் வீக்கம், சிவத்தல், கன்றிப்போதல் ஆகியன. அவை சில நாள்களில் அடங்கும். விரிவாக நோக்கவேண்டியது தமனி அடைப்பு. ஊசிமுனை தமனிக்குள் நுழைந்த நிலையில் கூழ் செலுத்தப்பட்டால் அது குருதியோட்டத்தை அடைக்கும். அத்தமனி ஊட்டும் தோல் முதலில் வெளிறி, பின்னர் வலைபோன்ற நிறமாற்றம் காட்டி, கொப்புளங்கள் தோன்றி, இறுதியில் இறந்துபோகலாம்.

இதைவிடக் கொடியது பார்வை இழப்பு. முகத்துக்குக் குருதி இரு வழிகளில் வருகிறது. கன்னம், உதடு, மூக்கோரம் ஆகியவற்றுக்குப் புறக் கழுத்துத் தமனியின் கிளைகள். புருவநடு, நெற்றியின் நடு, மூக்குத்தண்டு ஆகியவற்றுக்கு அகக் கழுத்துத் தமனியிலிருந்து வரும் விழித்தமனியின் கிளைகள். இவ்விரு வலைப்பின்னல்களும் மூக்கோரத்தில் ஒன்றோடொன்று இணைகின்றன. புருவநடுவிலோ மூக்கிலோ தமனிக்குள் அழுத்தமாகச் செலுத்தப்படும் கூழ், குருதியழுத்தத்தை மீறி எதிர்த்திசையில் விழிக்குழியை நோக்கித் தள்ளப்படுகிறது. உந்துகோலிலிருந்து விரலை எடுத்ததும் குருதி மீண்டும் முன்னோக்கிப் பாய்ந்து, அக்கூழை விழித்திரையின் மையத் தமனிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இதற்கு எவ்வளவு கூழ் தேவை? 2017இல் வெளியான சடல ஆய்வு ஒன்று புருவநடுவிலிருந்து விழிக்குழியின் உச்சி வரையுள்ள தமனியின் கொள்ளளவைச் சராசரி 0.085 மில்லிலிட்டர் எனக் கணித்தது. நிரப்பிச் சிரிஞ்சு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர் கொண்டது. அதாவது அதன் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும். ஒரே இடத்தில் மிகச் சிறிதளவாக, மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் செலுத்தவேண்டும் என்னும் விதியின் அடிப்படை இந்த எண்தான்.

நிரப்பிகளால் நேர்ந்த பார்வைக் கேடுகளை உலக மருத்துவ இதழ்களிலிருந்து தொகுத்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதில் 98 நிகழ்வுகள் இருந்தன. பாதியளவுக்குக் காரணம் நோயாளியின் சொந்தக் கொழுப்பு; ஏறத்தாழ கால்பங்கு ஹயலூரோனிக் அமிலம். புருவநடுவே முதன்மையான இடர்ப்பகுதியாக இருந்தது. அதே குழுவினர் 2019இல் மேலும் 48 நிகழ்வுகளைத் தொகுத்தபோது, ஐந்தில் நான்கு பங்கு ஹயலூரோனிக் அமிலத்தால் நேர்ந்திருந்தது. முதலிடம் மூக்குக்கு மாறியிருந்தது. பொருளின் தீமை கூடிவிட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பயன்பாடு பெருகியதும், அறுவையின்றி மூக்கை உயர்த்தும் வழக்கம் பரவியதும் காரணங்களாகலாம். உடலுக்குரிய கொழுப்பு என்பதாலேயே இடரில்லை என்னும் எண்ணம் தவறு என்பதையும் முதல் தொகுப்பு காட்டுகிறது.

இந்நேர்வுகள் அரிதானவையே. அமெரிக்கத் தோல் மருத்துவர் 370 பேரிடம் திரட்டி 2021இல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ 17 இலட்சம் சிரிஞ்சுகளைக் கணக்கிட்டது. கூர் ஊசியால் செலுத்தும்போது 6,410 சிரிஞ்சுகளுக்கு ஒன்றும், மழுங்குமுனைக் கேனுலாவால் செலுத்தும்போது 40,882 சிரிஞ்சுகளுக்கு ஒன்றும் என அடைப்பின் வீதம் அமைந்தது. மழுங்கிய முனை தமனிச் சுவரைத் துளைக்காமல் விலகிச் செல்வதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் எனலாம். ஆனால் இவ்வெண்கள் பயிற்சிபெற்ற தோல் மருத்துவர் தாமே அளித்த தகவல்கள். அழகு நிலையத்திலும் வீட்டறையிலும் போடப்படும் ஊசிகளுக்கு இவற்றைப் பொருத்திக் காட்டுவது முறையாகாது.

தமிழ் வாசகருக்கு உடனடிப் பொருத்தமுள்ள செய்தி ஒன்று இங்குண்டு. அடைப்பின் முதல் அடையாளங்களான வெளிறுதலும் வலைநிறமாற்றமும் வெளிர்ந்த தோலில் பளிச்செனத் தெரியும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் எளிதில் தெரிவதில்லை. தோலை விரலால் அழுத்தி விட்டால் ஓரிரு விநாடிகளில் நிறம் மீள்கிறதா என்று பார்ப்பதும், வலியைப் பற்றிக் கேட்பதும் இங்கு இன்னும் இன்றியமையாதவை. ஆனால் இன்றைய நிரப்பிகள் பலவற்றில் லிடோகெய்ன் என்னும் மரப்பு மருந்து கலந்திருப்பதால், எச்சரிக்கை தரவேண்டிய வலியும் தொடக்கத்தில் மழுங்கிவிடுகிறது. நோயாளியின் வசதிக்காகச் சேர்க்கப்பட்ட பொருள் நோயறிதலைத் தாழ்த்தும் இம்முரண் பலராலும் கவனிக்கப்படுவதில்லை.

தோலில் அடைப்பு நேர்ந்தால், ஹயலூரோனிக் அமில நிரப்பியாயின் வழி உண்டு. பாதித்த பகுதி ஒவ்வொன்றுக்கும் 500 அலகு என்னும் மிகுந்த அளவில் ஹயலூரோனிடேஸைச் செலுத்தி, குருதியோட்டம் மீளும்வரை மணிக்கொரு முறை திரும்பச் செலுத்தும் நெறிமுறை 2017 முதல் பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. விழித்திரையில் நிலைமை வேறு. இந்தியாவில் பிறந்து அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹைரே குரங்குகளில் செய்த ஆய்வுகளின்படி, மையத் தமனி அடைபட்டால் விழித்திரை ஏறத்தாழ 97 நிமிடம் வரையே தாங்குகிறது. அதற்குள் நோயாளியைக் கண் மருத்துவரிடம் சேர்ப்பதே கடினம். விழிக்குப் பின்னால் நொதியத்தைச் செலுத்திப் பார்வையை மீட்டதாகச் சில தனிநேர்வுகள் பதிவாகியிருப்பினும், அதை உறுதியான சிகிச்சை எனக் கொள்ளும் சான்று இல்லை. மீட்கத்தக்க தன்மை என்று மேலே போற்றப்பட்ட பண்பின் எல்லை இதுவே. கூழைக் கரைக்கலாம்; இறந்த நரம்புத் திசுவை மீட்க முடியாது.

‘தற்காலிகம்’ என்னும் சொல்

ஹயலூரோனிக் அமில நிரப்பி ஆறு முதல் பதினெட்டு மாதம் நிலைக்கும் என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. ஒப்புதலுக்கான ஆய்வுகள் அக்கால அளவிற்குள் மேற்பரப்புத் தோற்றத்தை மதிப்பிட்டதால் எழுந்த எண் அது. காந்த ஒத்திசைவுப் படங்கள் வேறொன்றைக் காட்டுகின்றன. ஈராண்டுக்கு மேலாகப் புதிய ஊசி எதுவும் போட்டுக்கொள்ளாத 33 பேரின் முகத்தைப் படமெடுத்து 2024இல் வெளியான ஆய்வில் அனைவரிடமும் நிரப்பி எஞ்சியிருந்தது. சிலரிடம் பத்தாண்டுக்கும் மேலாக. தோற்றத்தில் மறைந்தது திசுவில் மறையவில்லை. இவ்வெச்சம் பெரும்பாலும் தீங்கற்றது. எனினும் மாதங்கள், ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலையோ தொற்றையோ தொடர்ந்து அங்கு வீக்கம் தோன்றுவதுண்டு. 2020 டிசம்பரில் மாடர்னா நிறுவனத்தின் கொரோனா தடுப்பூசியை மதிப்பிட்டபோது, முன்பு நிரப்பி ஏற்றிக்கொண்டிருந்த சிலருக்கு முகவீக்கம் தோன்றியது பதிவாயிற்று. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ‘கரைந்துவிட்டது’ எனக் கருதி மேலும் மேலும் ஏற்றுவது எவ்வாறு மிகைநிரப்பலில் முடிகிறது என்பதற்கும் இது விளக்கமாகிறது.

பொருளின் சட்டமும் கையின் சட்டமும்

பிரிட்டனில் தரமற்ற மார்பகப் பொதிவுகளால் எழுந்த சிக்கலைத் தொடர்ந்து, புரூஸ் கியோ தலைமையிலான குழு 2013 ஏப்ரலில் தன் அறிக்கையை அளித்தது. நிரப்பியைச் செலுத்த எவ்விதப் பயிற்சியும் சட்டப்படி தேவையில்லை என்னும் நிலையை அது கடுமையாகச் சுட்டியது. 2021 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக நிரப்பி செலுத்துவது குற்றமாயிற்று. 2022 சட்டம் உரிம முறைக்கு வழிவகுத்தது. அமெரிக்க நிர்வாகம் ஊசியின்றி அழுத்தத்தால் நிரப்பியைச் செலுத்தும் பேனா வடிவக் கருவிகளை வாங்கவேண்டா என 2021இல் எச்சரித்தது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளும், 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் மருந்துச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்த அறிவிக்கையும் பொருளை நெறிப்படுத்துவன. பொருள் தரமானதா என்பதும், அதைச் செலுத்தும் கை தகுதியுடையதா என்பதும் இருவேறு வினாக்கள். மேற்கண்ட தமனி அடைப்புகள் பெரும்பாலும் இரண்டாவது வினாவைச் சார்ந்தவை.

சொல்லும் ஒப்புதலும்

‘டெர்மல் ஃபில்லர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துத் ‘தோல் நிரப்பி’ என எழுதுவதுண்டு. பொருள் பல நேரங்களில் தோலில் அன்றி எலும்பின் மேலும் கொழுப்பிலும் வைக்கப்படுவதால் இப்பெயர் பொருந்தாது. ‘முகநிரப்பி’ ஏற்புடையது. வகைப்பாட்டில் ‘தற்காலிக நிரப்பி’, ‘நிலைத்த நிரப்பி’ என்னும் இணை, மேலே கண்ட படச் சான்றுகளுக்குப்பின் மயக்கம் தருவதாகிவிட்டது. மாறாகக் ‘கரைக்கத்தக்க நிரப்பி’, ‘கரைக்கவியலா நிரப்பி’ என்னும் இணையை இக்கட்டுரை முன்மொழிகிறது. காலத்தை ஊகித்துச் சொல்லாமல், இடர் நேர்ந்தால் என்ன செய்யக்கூடும் என்பதை இவ்விணை நேராகச் சொல்கிறது.

ஒப்புதல் படிவத்தின் மொழிக்கும் இது பொருந்தும். ‘சில பக்கவிளைவுகள் ஏற்படலாம்’ என்னும் தொடர் வீக்கத்தையும் பார்வை இழப்பையும் ஒரே போர்வையில் மூடிவிடுகிறது. ‘தோல் அழுகல்’, ‘பார்வை இழப்பு’ என்று பெயர் சொல்லியே எழுதவேண்டும். அரிது என்பதையும் உடன் எழுதலாம். ஹயலூரோனிடேஸ் அதே அறையில் இருப்பில் உள்ளதா என்பது நோயாளி கேட்கத்தக்க எளிய வினா. தரமான தயாரிப்புகளின் பெட்டியில் பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். ஒன்று மருத்துவரின் ஏட்டுக்கு, மற்றொன்று நோயாளிக்கு. செலுத்திய இடத்தையும் அளவையும் நாளையும் அதன் அருகில் எழுதிக் கொடுக்கவேண்டும். பத்தாண்டு கழித்து அதே கன்னத்தில் வீக்கத்தோடு வருபவரைப் பார்க்கும் வேறொரு மருத்துவர், நொதியத்தைச் செலுத்துவதா வேண்டாவா என முடிவுசெய்ய அச்சீட்டையே நாடவேண்டியிருக்கும்.